கப்பல் வேலைக்கு ஆள் தேடி நீலகிரியில்

திங்கள்: மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை

கடற்படையின் கப்பல் கட்டுமானப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கப்பல் கட்டும் தளங்களுக்கான ஆய்வும் அத்தளங்களில் சேரப்போகும் இளைஞர்களுக்கான பயிற்சியும் என்னுடைய இரண்டாவது தொழிலாகிவிட்டன. இந்த வாரம் அந்தத் தொழில் என்னை நீலகிரிக்கு அழைத்து வந்திருக்கிறது. மலையிலுள்ள ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர், ஃபிட்டர் பிரிவு மாணவர்களைச் சந்திப்பதும், கப்பல் வேலைக்கான கூடுதல் பயிற்சியை அங்கேயே நடத்த இயலுமா என்று பார்ப்பதும் நோக்கம். வெல்டிங் செய்து பற்றவைக்கும்போது இரும்புத் தகடு எவ்வளவு கோணும் என்பதை முன்கூட்டியே கணினியில் கணிக்கும் ஆய்வில் ஈடுபட்டிருக்கும் ஓர் இளம் பெண் பொறியாளரும் உடன் வருகிறார். கடலூர்க்காரரான அவர் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவர். மலை ரயிலில் இதுவரை ஏறியதில்லை.

மலையில் என்ன கப்பல் வேலை என்று சென்னையில் பலரும் கேட்டார்கள். கடற்படையின் கடல்சார் பொறியியல் பயிற்சி நிலையமான ஐ.என்.எஸ். சிவாஜி 1945 முதல் லோனாவலா மலையில்தான் இயங்கி வருகிறது. எஞ்சின் அறைக்குப் போக வேண்டிய மாலுமிகளும் அதிகாரிகளும் கடல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் எஞ்சினைக் கற்கிறார்கள். கப்பலும் தண்ணீரில் கட்டப்படுவதில்லை. கூரைக்குக் கீழே தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, குழாய் பொருத்தி, கேபிள் இழுத்து முடித்த பிறகுதான் அதற்குக் கடலோடு உறவு ஏற்படுகிறது. நல்ல ஆசிரியரும் கற்க விரும்பும் பிள்ளைகளும் இருக்கும் ஊரில் கப்பல் வேலையின் முதல் பாதியைச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

காலை 7.10-க்குப் புறப்பட்ட ரயில் கல்லாறு வரை மற்ற ரயில்களைப் போலவே ஓடியது. அதன் பிறகு தண்டவாளங்களுக்கு நடுவே பல் சட்டங்கள் தொடங்குகின்றன. ஆப்ட் முறை எனப்படும் இந்த ஏற்பாட்டில் இரண்டு சட்டங்கள் அருகருகே, ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றொன்றின் இடைவெளி வருமாறு பதிக்கப்பட்டிருப்பதால், எஞ்சினின் பற்சக்கரம் எந்த நொடியிலும் பிடி இழப்பதில்லை. பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் அந்தச் சரிவில் எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. அதற்கு நான்கு உருளைகள் (சிலிண்டர்கள்). உயர் அழுத்த நீராவி முதலில் சாதாரணச் சக்கரங்களை இயக்கும் இரண்டு உருளைகளுக்குப் போகிறது. அங்கே வேலை செய்து அழுத்தம் குறைந்த நீராவி வெளியே வீணாகாமல், பற்சக்கரத்தை இயக்கும் மற்ற இரண்டு உருளைகளுக்குள் நுழைகிறது. பழைய நீராவிக் கப்பல்களின் எஞ்சின்களும் ஒரே நீராவியை இப்படிப் படிப்படியாக விரியவிட்டு வேலை வாங்கியவைதான். பயணத்தில் என் துணைவரான அந்தப் பொறியாளர் தம் குறிப்பேட்டில் இந்த அமைப்பை வரைந்துகொண்டே வந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தது குறைவு.

இந்தப் பாதை 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் உதகை வரையும் வந்தது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் கட்டப்பட்ட எஞ்சின்களே நெடுங்காலம் இதில் ஓடின. அவை தேய்ந்து தளர்ந்தபோது, புதிய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களைக் கட்டித் தந்தது திருச்சியின் பொன்மலைப் பணிமனை. முதலாவது 2011-ல் வந்தது. இந்தியாவில் நீராவி எஞ்சின் தயாரிப்பு நின்று பல பத்தாண்டுகள் கடந்த பிறகு இதைச் செய்ய முடிந்ததற்கு, பழுதுபார்ப்பின் வழியாகக் கைமாறி வந்த அனுபவமே அடிப்படை என்று நினைக்கிறேன். வரைபடத்தில் அளவு இருக்கும். எந்த இணைப்பை முதலில் இறுக்க வேண்டும், எந்த இடத்தில் எவ்வளவு இடைவெளி விட்டால் சூடேறிய பிறகு சரியாக வரும் என்பது இருக்காது. கப்பல் தளங்களில் நான் இன்று செய்யும் வேலையின் பெரும்பகுதி, அப்படி வரைபடத்தில் ஏறாதவற்றை ஓய்வு பெறவிருக்கும் ஃபோர்மேன்களிடம் கேட்டு எழுதி வைப்பதுதான்.

செவ்வாய்: வெலிங்டன்

முப்படை அதிகாரிகள் கல்லூரி இருக்கும் ஊர் இது. பிரிவினைக்கு முன் குவெட்டாவில் இருந்த கல்லூரி பாகிஸ்தானிடம் போனதால், இந்தியாவுக்கென 1947-ல் வெலிங்டனில் தொடங்கப்பட்டது. தரைப்படை, கடற்படை, விமானப்படை அதிகாரிகளும் வெளிநாட்டு அதிகாரிகளும் ஏறத்தாழ ஓராண்டு சேர்ந்து படிக்கிறார்கள். முடிவில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டமும் உண்டு. நானும் இங்கே படித்தவன்தான் என்றாலும், அந்த நினைவுகளுக்கு இங்கே இடம் தரப்போவதில்லை. இன்று வந்தது, இங்கே படித்துக்கொண்டிருக்கும் இளைய அதிகாரி ஒருவர் வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்திருந்ததால்.

அவருக்குச் சேவை முடிய இன்னும் ஆண்டுகள் இருக்கின்றன. இருந்தாலும் கேள்வி தயாராக இருந்தது. "வெளியே போனா நம்ம வேலைக்கு என்ன மதிப்பு சார்? ஆலோசகர்னு ஒரு நாற்காலியில உக்கார வைப்பாங்க, அவ்வளவுதானே?" என்றார்.

அவர் சொன்னது பாதி உண்மை. ஓய்வு பெறும் அதிகாரிகளைக் கப்பல் தளங்கள் பெரும்பாலும் கடற்படையோடு பேசுவதற்கான ஆளாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. ஒப்பந்தக் கூட்டங்களில் அவர் பயன்படுவார். பட்டறைக்குள் அவர் கால் படுவதே அரிது. இது இரு தரப்புக்கும் இழப்பு என்பது என் கருத்து. கப்பல் கடலில் எப்படிப் பயன்படுகிறது, எந்த வால்வு கைக்கு எட்டாத இடத்தில் வைக்கப்பட்டதால் மாலுமி நள்ளிரவில் திண்டாடினான், எந்தப் பற்றவைப்பு பத்தாவது ஆண்டில் துருவைக் கூட்டி வந்தது என்பதெல்லாம் அந்த அதிகாரிக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது செலவுக் கணக்கு. கடற்படையில் ஒரு வேலைக்கு எத்தனை மனித மணிநேரம் ஆயிற்று என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. கப்பல் தளமோ அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் உயிர் வாழ்கிறது. வெளியே வந்த முதல் ஆண்டில் அதைக் கற்றுக்கொள்ளாதவர் நாற்காலியிலேயே தங்கிவிடுகிறார். இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன்: பட்டறையில் கட்டளையிட்டால் வேலை நடக்கும், உண்மை வராது. கேட்டால்தான் வரும்.

பேச்சு பிறகு இந்த மலையின் பெயரைத் தாங்கிய கப்பல்களை நோக்கிப் போனது. மும்பை மசகான் தளத்தில் கட்டப்பட்ட முதல் ஐ.என்.எஸ். நீலகிரி 1968 அக்டோபரில் நீரில் இறக்கப்பட்டு, 1972 ஜூன் 3-ஆம் நாள் கடற்படையில் சேர்ந்தது. பிரிட்டனின் லியாண்டர் வகைக் கப்பலின் வரைபடத்தை உரிமம் பெற்று இங்கே கட்டினோம். அதுவரை அந்த அளவுள்ள போர்க்கப்பலை நாம் கட்டியதில்லை. அதைத் தொடர்ந்து ஹிம்கிரி, உதயகிரி, துனாகிரி, தாராகிரி, விந்தியகிரி என ஐந்து கப்பல்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் உள்நாட்டுக் கருவிகள் கூடின; கடைசி இரண்டில் பெரிய சீ கிங் ஹெலிகாப்டரை ஏற்றும் அளவுக்கு வடிவமே மாற்றப்பட்டது. 1983 டிசம்பரில் வந்த கோதாவரி, அதே வகை நீராவி எஞ்சின்களை வைத்துக்கொண்டு இன்னும் நீளமான உடலில் இரண்டு ஹெலிகாப்டர்களைச் சுமந்தது, வடிவமைப்பு நம்முடையது. பிறர் வரைந்ததை ஆறு முறை கட்டிய கைகளும் கண்களும்தான் ஏழாவதைத் தாமே வரையும் துணிவைப் பெற்றன.

இன்றைய நீலகிரி 2025 ஜனவரி 15-ஆம் நாள் படையில் சேர்ந்தது. 149 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 6,670 டன் எடையும் கொண்ட கப்பல்; பழையதைப் போல இரு மடங்குக்கும் மேல் எடை. இதைக் கட்டிய முறையும் வேறு. அக்காலத்தில் உடலை முழுதாகக் கட்டி நீரில் இறக்கிய பிறகு, உள்ளே ஆட்கள் நுழைந்து குழாயும் கேபிளும் பொருத்துவார்கள். இப்போது கப்பல் பல பிளாக்குகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் பட்டறையிலேயே குழாய், கேபிள் தட்டு, காற்றுக் குழல் ஆகியவற்றோடு தயாராகி, கடைசியில் ஒன்றாக இணைக்கப்படுகிறது. பட்டறையில் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை பிளாக்கில் மூன்று மணி நேரமும், மிதக்கும் கப்பலுக்குள் எட்டு மணி நேரமும் எடுக்கும் என்பது உலகெங்கும் தளங்களில் சொல்லப்படும் கணக்கு. குனிந்து, ஏணி ஏறி, இருட்டில் விளக்குப் பிடித்துச் செய்யும் வேலைக்கு அவ்வளவு நேரம் ஆவதில் வியப்பில்லை. ஆனால் இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. இரண்டு பிளாக்குகளின் விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பற்றவைத்த சூட்டில் ஒரு பக்கம் சில மில்லிமீட்டர் சுருங்கிவிட்டால், உள்ளே பொருத்திய குழாய்கள் அனைத்தும் எதிர்ப்பக்கக் குழாய்களைத் தவறவிடும். என் துணைவரின் ஆய்வு அந்தச் சில மில்லிமீட்டரைப் பற்றியதுதான்.

இதே வகையில் முதலாவதான நீலகிரி, 2019 செப்டம்பரில் நீரில் இறக்கப்பட்டு 2024 டிசம்பரில் ஒப்படைக்கப்பட ஐந்தே கால் ஆண்டுகள் ஆயின. அதே தளத்தில் 2022 மே மாதம் இறக்கப்பட்ட புதிய உதயகிரி 37 மாதங்களில், 2025 ஜூலையில் ஒப்படைக்கப்பட்டது. இடையில் கொரோனா வந்ததையும், முதல் கப்பலில் வடிவமைப்புத் திருத்தங்கள் எப்போதும் கூடுதலாக இருக்கும் என்பதையும் கழித்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். கழித்த பிறகும் மிஞ்சுவது, ஒரே கையில் இரண்டாம் முறை வரும் வேலையின் வேகம். அந்தக் கை அங்கேயே இருந்தால்தான் மூன்றாவதும் விரைவாக வரும்.

புதன்: தொழிற்பயிற்சி நிலையம்

காலையில் எதிரே நிற்பவர் தெரியாத அளவுக்கு மூடுபனி. பட்டறைக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் போனது வெல்டிங் ராடு வைத்திருந்த அலமாரிக்கு. கப்பல் உடலில் பயன்படும் 7018 வகை ராடின் மேல்பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை எளிதில் உறிஞ்சும். அந்த ஈரம் பற்றவைக்கும் சூட்டில் பிரிந்து ஹைட்ரஜனாகி, உருகிய உலோகத்துக்குள் புகுந்துவிடும். பற்றவைத்து முடித்தபோது பார்வைக்கு எந்தக் குறையும் இருக்காது. பல மணி நேரம் கழித்து, சில வேளை மறுநாள், உள்ளே விரிசல் விடும். அதனால் ராடுகளை 300 டிகிரிக்கு மேல் மின் உலையில் உலர்த்தி, சூடு காக்கும் சிறு பெட்டியில் எடுத்துப் போய், ஒவ்வொன்றாக உருவிப் பயன்படுத்த வேண்டும். கோடைக்காலச் சென்னையில் இதை ஒரு பாடமாகச் சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், நம்ப மாட்டார்கள். குன்னூர் மூடுபனியில் சொல்லவே வேண்டியதில்லை. திறந்து வைத்த கட்டிலிருந்து ஒரு ராடும், உலர்த்தியதிலிருந்து ஒரு ராடும் எடுத்துப் பற்றவைக்கச் சொன்னேன். நெருப்பின் சத்தமும் தெறிப்பும் வேறுபடுவதை அவர்களே கேட்டுச் சொன்னார்கள். ஈரமான மலை, கப்பல் வெல்டிங்குக்கு ஒரு குறை அல்ல, நல்ல வகுப்பறை என்று எனக்குத் தோன்றியது.

இங்கே வெல்டர் பிரிவைக் கற்பிக்கும் ஆசிரியர் சிங்கப்பூர் கப்பல் தளம் ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து திரும்பியவர். தகட்டைக் கிடையாக வைத்துப் பற்றவைப்பதோடு பாடத்திட்டம் பெரும்பாலும் நின்றுவிடுவதை அவர் ஏற்கவில்லை. செங்குத்தாகவும் தலைக்கு மேலேயும் பற்றவைக்க மாணவர்களை அவரே பழக்கி வருகிறார். தலைக்கு மேல் பற்றவைக்கும்போது உருகிய உலோகம் கீழே விழாமல் நிற்பது, நெருப்பின் நீளத்தைக் குறுக்கிப் பிடிக்கும் கைப்பழக்கத்தால்தான். அதற்கு வெறும் விளக்கம் உதவாது. "தோள்பட்டை வலிக்கணும் சார், அப்பதான் கை படியும்" என்றார் அவர். நான்கு மாணவிகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள். இணைப்பின் அடியில் போடும் முதல் வரியைக் குறையின்றிப் போட்டவர் அவர்களில் ஒருவர். கோத்தகிரிப் பக்கத்துப் பெண். கப்பல் தளங்களில் பெண் வெல்டர்களுக்கு உடை மாற்ற இடமும் தங்க விடுதியும் கேட்டு நாங்கள் அனுப்பிய குறிப்புகள் எத்தனை மேசைகளைச் சுற்றி வருகின்றன என்பதை அவரிடம் சொல்லவில்லை.

பிற்பகலில் என் துணைவர் வகுப்பெடுத்தார். அவர் எடுத்துக்கொண்டது இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவின் லிபர்டி கப்பல்களை. 1941 முதல் 1945 வரை 18 தளங்களில் 2,710 கப்பல்கள் கட்டப்பட்டன. தகடுகளை ரிவெட் ஆணி அடித்துப் பிணைப்பதற்குப் பதிலாகப் பற்றவைத்ததாலும், பிளாக்குகளாகக் கட்டியதாலும் அந்த வேகம் கிடைத்தது. அதற்கு முன் கப்பலையே பார்த்திராத பல்லாயிரம் பேர், பெண்கள் உட்பட, சில வாரப் பயிற்சியோடு வேலைக்கு வந்தார்கள். பிறகு கப்பல்கள் உடையத் தொடங்கின. 1943 ஜனவரியில், அதேபோலப் பற்றவைத்துக் கட்டப்பட்ட ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல், துறையில் கயிற்றால் பிணைக்கப்பட்டு அசையாமல் நின்றபோதே பெரும் சத்தத்துடன் நடுவில் பிளந்தது. பழி முதலில் வந்து விழுந்தது புது வெல்டர்களின் தலையில். சில இணைப்புகள் மோசமாகத்தான் இருந்தன. ஆனால் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் ஆய்வாளர், அந்த வகை எஃகு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் வளையும் தன்மையை இழந்து நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடுகிறது என்று காட்டினார். சதுர மூலையுள்ள சரக்கு வாயில்களில் விசை குவிந்து விரிசல் பிறந்தது. ரிவெட் அடித்த கப்பலில் தகட்டின் விளிம்போடு நின்றிருக்கக்கூடிய அது, பற்றவைத்த கப்பலில் தடையின்றி ஓடியது.

இந்தக் கதையை நான் பல கூட்டங்களில் பொறியாளர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். வெல்டராகப் போகிறவர்களுக்குச் சொல்லி இன்றுதான் கேட்டேன். அவர்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். "அப்ப பழியைத் துடைச்சது லேப்தானா மேடம்?" என்று ஒரு பையன் கேட்டான். ஆய்வுக்கூடம் என்பது தங்களைப் பரிசோதித்துத் தள்ளும் இடம் என்று மட்டுமே அதுவரை அவர்கள் நினைத்திருக்கக்கூடும். ஆய்வும் தொழிலாளர் பயிற்சியும் இரண்டு துறைகளாக, இரண்டு நிதித் தலைப்புகளில், இரண்டு கட்டடங்களில் நடப்பதை நான் தொடர்ந்து எதிர்த்து வருவதற்கு இதுவே காரணம். டிப்பரின் ஆய்வு இல்லாமல் அந்த வெல்டர்கள் குற்றவாளிகளாகவே இருந்திருப்பார்கள். வெல்டர் எந்த வரிசையில் எந்த இணைப்பைப் போட்டார் என்று எழுதி வைக்காத தளத்தில், என் துணைவரின் கணிப்பும் ஒருபோதும் சரியாக வராது. மாலையில் அவர் மாணவர்களோடு உட்கார்ந்து, ஒரு சிறு தகட்டில் நடுவிலிருந்து இரு பக்கமும் போட்டால் எவ்வளவு கோணுகிறது, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போட்டால் எவ்வளவு கோணுகிறது என்று அளந்து குறிக்க வைத்தார். கிடைத்த அளவுகளைத் தம் ஆய்வில் சேர்க்கலாமா என்று அனுமதியும் கேட்டுக்கொண்டார்.

வியாழன்: உதகை, முத்தோரை

உதகைக்கு அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்காமல் திரும்பக்கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட உருளை வடிவப் பிரதிபலிப்பான் ஒரு மலைச்சரிவில் வடக்கு தெற்காகப் படுத்திருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இதை 1970-ல் கட்டி முடித்தது. உதகை ஏறத்தாழ 11 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், அதே 11 டிகிரி சாய்வுள்ள சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். பெரும் செலவில் தீர்க்க வேண்டிய சிக்கலை நிலத்தைத் தேர்ந்தெடுத்தே தீர்த்திருக்கிறார்கள். இதில் வேலை கற்ற குழுதான் பின்னர் புனே அருகே 30 தட்டுகள் கொண்ட பெரிய தொலைநோக்கியையும் கட்டியது. கருவியைக் கட்டிக்கொண்டே ஆட்களையும் உருவாக்கும் முறைக்கு இதைவிட நல்ல சான்று இம்மலையில் இல்லை.

நீளத்தைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது விசாகப்பட்டினத்தில் கடற்படை அறிவியல் தொழில்நுட்ப ஆய்வகத்தின் இழுவைத் தொட்டி. அதன் நீளம் 500 மீட்டர். அதில் கப்பலின் சிறு மாதிரியைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டியில் பூட்டி இழுத்து, தண்ணீர் எவ்வளவு எதிர்க்கிறது என்று அளப்பார்கள். 1870-களில் வில்லியம் ஃபுரூட் இங்கிலாந்தின் டார்க்கியில் தொட்டி கட்டித் தொடங்கி வைத்த முறை இது. நீளத்தை 25-ல் ஒரு பங்காக்கினால், வேகத்தை 25-ன் வர்க்கமூலமான 5-ஆல் வகுக்க வேண்டும். அப்போதுதான் மாதிரி எழுப்பும் அலை, கப்பல் எழுப்பும் அலையின் சரியான சிறு வடிவமாக இருக்கும். இன்றைய நீலகிரியை அந்த அளவில் எடுத்தால் மாதிரி ஏறத்தாழ 6 மீட்டர் நீளமும் 430 கிலோ எடையும் இருக்கும். மணிக்கு 28 கடல்மைல் வேகத்துக்கு மாதிரியை நொடிக்கு 2.9 மீட்டர் இழுத்தால் போதும். தண்ணீரின் உராய்வு மட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. அதைத் தனியே கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும் என்று கண்டதுதான் ஃபுரூடின் பெரிய வெற்றி. அந்த 6 மீட்டர் மாதிரியின் வளைவைச் சீவித் தேய்த்து உருவாக்குபவர் பெயர் ஆய்வுக் கட்டுரைகளில் வருவதில்லை. கணினி வழிக் கருவிகள் வந்த பிறகும் கடைசி மெருகு கையால்தான். அவரும் ஓய்வு பெறுவார்.

திரும்பும் வழியில் இந்து நகரில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் இருந்த இடம் இது. 1960-ல் நிறுவப்பட்டு, 1967 முதல் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் தயாரித்த தொழிற்சாலை, 1990-களில் நலிந்து பின்னர் மூடப்பட்டது. பற்றவைப்பின் உள்ளே பார்க்கக் கப்பல் தளங்களும் எக்ஸ்ரே பிலிமைத்தான் நெடுங்காலம் நம்பியிருந்தன என்பதால் எனக்கு இந்த இடத்தில் ஒரு தனி ஈடுபாடு உண்டு. முழு இருட்டில் பூச்சின் சீர்மையைக் காத்த தொழிலாளர்களின் திறமை, ஆலை மூடிய பிறகு எங்கும் இடமாற்றப்படவில்லை; கலைந்து போயிற்று. கப்பல் தொழிலில் இது ஆலை மூடாமலேயே நடக்கும். ஒரு வரிசைக் கப்பல்கள் முடிந்து அடுத்த ஆர்டர் வர மூன்று ஆண்டு தாமதமானால், நல்ல வெல்டர்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுவார்கள். வெல்டரின் தகுதிச் சான்றே ஆறு மாதம் தொடர்ந்து அந்த வேலையைச் செய்யாவிட்டால் செல்லாது. ஆர்டர் திரும்பி வரும்போது தளம் மறுபடியும் முதல் கப்பலின் வேகத்திலிருந்து தொடங்குகிறது. பயிற்சிக்கு எவ்வளவு செலவிட்டாலும் ஆர்டர்களைச் சீராகப் பரப்பாத வரை அது ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான்.

வெள்ளி: கோத்தகிரி

கோத்தகிரிப் பக்கத்தில் பெற்றோர் கூட்டம். போகும் வழியில் கோத்தர்களின் ஊர் ஒன்றைக் கடந்தோம். நீலகிரியில் ஏழு ஊர்களில் வாழும் அம்மக்கள்தான் தலைமுறைகளாகத் தோடருக்கும் படகருக்கும் இரும்புக் கருவிகளும் மர வேலைகளும் செய்து கொடுத்தவர்கள். மண்பாண்டம் அவர்களில் பெண்களின் தொழில். உலைக்களத் தொழிலுக்கு இந்த மலை புதிதல்ல.

கூட்டத்தில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்ட வேலைக்காரர்களும் சிறு தேயிலை விவசாயிகளும். மத்திய அரசு 2025 செப்டம்பரில் கப்பல் கட்டும் தொழிலுக்கு 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்திருப்பதையும், உலகக் கப்பல் கட்டுமானத்தில் சீனா, தென்கொரியா, ஜப்பான் ஆகிய மூன்றும் சேர்ந்து பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வைத்திருக்க, நம்முடைய பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை என்பதையும், எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் இப்போதே போர்க்கப்பல்கள் கட்டப்படுவதையும் சொன்னேன். கோடிகள் அவர்களை அசைக்கவில்லை. புதன்கிழமை முதல் வரியைக் குறையின்றிப் போட்ட அந்தப் பெண்ணின் தாயார், "கடலுக்கு அனுப்பிடுவீங்களா ஐயா?" என்று மட்டும் கேட்டார். வேலை தரையில்தான் என்று சொன்ன பிறகு கேள்விகள் வரிசையாக வந்தன: பழகுநர் காலத்தில் மாத உதவித்தொகை எவ்வளவு, விடுதியில் பெண்களுக்குத் தனி இடம் உண்டா, பழகுநர் காலம் முடிந்ததும் நிரந்தர வேலையா அல்லது ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிடுவார்களா, கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கேடு வருமா. கடைசிக் கேள்வியைக் கேட்டவர் கொஞ்ச காலம் திருப்பூரில் சாய வேலை செய்து திரும்பிய ஒரு தந்தை. புகை இழுக்கும் விசிறி இல்லாத மூடிய தொட்டிக்குள் பற்றவைப்பது ஆபத்தானது என்பதையும், எந்தத் தளத்தில் சேர்ந்தாலும் அதை மறுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோம் என்பதையும் மறைக்காமல் கூறினேன். ஒப்பந்தக்காரர் பற்றிய கேள்விக்கு என்னால் உறுதி எதுவும் தர முடியவில்லை. தளங்களில் பெரும்பாலான வெல்டிங் வேலை ஒப்பந்தத்தில்தான் நடக்கிறது. பல மாத உழைப்பில் பயிற்சி பெற்றவர் ஐம்பது ரூபாய் கூடுதல் கூலிக்கு அடுத்த வாயிலுக்குப் போவதற்கும் அதுவே காரணம் என்பதைத் தள நிர்வாகங்களிடம் நான் எழுத்தில் சொல்லி வருகிறேன்.

மாலையில் பயிற்சி நிலையத்தாரோடு பேசி முடிவானவை சில. மாணவர்களை அனுப்புவதற்கு முன் ஆசிரியர்கள் இருவர் கப்பல் தளப் பட்டறையில் சில வாரங்கள் வேலை பார்த்து வருவார்கள். செங்குத்து, தலைக்கு மேல் பற்றவைப்புக்கான சோதனைத் தகடுகளைச் சான்றளிக்கும் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் இங்கேயே வந்து பார்ப்பார். மாணவர்கள் எடுக்கும் சுருக்க அளவுகள் மாதந்தோறும் என் துணைவருக்கு வரும். பதிலுக்கு அவருடைய கணிப்பு எங்கே பொருந்தியது, எங்கே பொருந்தவில்லை என்பதை அவர் அவர்களுக்கு எழுதுவார். ராடு உலர்த்தும் பெரிய மின் உலைக்கான கோரிக்கையில் கொள்ளளவு என்ன போடுவது என்று முதல்வரும் சிங்கப்பூர் திரும்பிய ஆசிரியரும் இன்னும் உடன்படவில்லை. ஆசிரியர் கேட்கும் அளவே சரி என்று நானும் குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.